துருவத்துக் கணக்கு இலவசம், புதுக்கோட்டை மழைக்குக் கட்டணமா?

மழைமானி நிலையங்களின் பழைய பதிவுகள் வேண்டுமென்றால் விண்ணப்பம் போடு, உறுதிமொழி எழுதிக் கொடு, கட்டணம் கட்டு. இந்த நடைமுறை இப்படியே இருக்கட்டும் என்று டெல்லியில் இருப்பவர்கள் விட்டுவிட்டார்கள். இதற்கு மேல் பொறுமை காட்ட ஒன்றுமில்லை.

நார்வே நாட்டு வானிலைத் துறை, வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டு தீவுகளில் அளக்கும் வெப்பநிலையைப் பல ஆண்டுகளாக எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. புதுக்கோட்டை திருக்கோகர்ணம் தேரடியில் நின்றபடி கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதே தேரடியில் 40 ஆண்டுகளாகப் பெய்த மழை எவ்வளவு என்று கேளுங்கள். எதற்கு, யாருக்கு, என்ன ஆய்வு என்று எதிர்க்கேள்வி வரும். வாங்கியதைப் பிறருக்குக் கொடுக்க மாட்டேன் என்றும் கையெழுத்துப் போட வேண்டும். மழை என்ன ராணுவ ரகசியமா?

இலவசமாகவும் தருகிறோமே என்பார்கள். தருகிறார்கள்தான், நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு சராசரியாக. ஒரு கட்டத்தின் பக்கமே ஏறத்தாழ 27 கிலோமீட்டர். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் தூரத்தைவிட அதிகம். ஆலங்குடியில் கொட்டி அறந்தாங்கியில் தூறல்கூட விழாத நாட்களைக் கண்ட மாவட்டம் இது. கண்மாய் நிறையுமா என்று பார்க்கிற விவசாயிக்கு அந்தச் சராசரி எதற்கு? ஆதனக்கோட்டை, குடுமியான்மலை, கீழாநிலை, மீமிசல் என்று நிலையம் நிலையமாகக் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதுகிறார்கள். மழைக்காலத்தில் அந்தப் பட்டியல் மறுநாள் பத்திரிகையில் வருகிறது. அதற்கு அடுத்த நாள் அந்தத் தாளில் பஜ்ஜி மடிக்கிறார்கள். பத்து ஆண்டுப் பட்டியலை ஒன்றாகப் பார்க்க ஆசைப்படுகிறவருக்குத்தான் விண்ணப்பப் படிவம்.

இத்தனைக்கும் துருவ ஆராய்ச்சியில் நம் நாடு பின்தங்கிவிடவில்லை. 2008-இல் ஸ்வால்பார்டில் 'ஹிமாத்ரி' நிலையம் திறந்தாயிற்று. 2014 ஜூலையில் அங்குள்ள கடற்கழியில் 192 மீட்டர் ஆழத்தில் 'இண்டார்க்' கருவிகளை இறக்கினார்கள். அதில் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் உழைப்பு இருக்கிறது. அங்கே பனி உருகுவதற்கும் இங்கே பருவமழை மாறுவதற்கும் தொடர்பு உண்டா என்று பார்ப்பதும் அதன் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் தொடர்பு பார்க்க இரண்டு முனையும் கையில் வேண்டுமே! நம் மழையை ஏன் பூட்டி வைக்கிறீர்கள்?

பூட்டுவது அவர்களுக்குப் புதிதல்ல. நம் ஊர் வரைபடத்தை நாமே வரைந்து வெளியிட அனுமதி கேட்க வைத்தார்கள். வெளிநாட்டு நிறுவனத்தின் வரைபடம் ஆட்டோக்காரர் கைவரை வந்து சேர்ந்த பிறகு, 2021 பிப்ரவரியில்தான் கைவிட்டார்கள். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் போட்டுவிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 22 மொழிகளில் வெளியிடுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதற்கு, மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு உச்ச நீதிமன்றப் படியேறினார்கள். நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை மறந்துவிட முடியுமா? 2017 பிப்ரவரியில் தங்கள் வயலுக்கு அடியில் என்ன வரப்போகிறது என்பதை அந்த ஊர்க்காரர்கள் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ஏன் போராடுகிறார்கள் என்று பிறகு வியந்தவர்களும் இவர்களே.

திருக்கோகர்ணத்தில் 1910-இல் அருங்காட்சியகம் திறந்தது ஒரு சின்னஞ்சிறு சமஸ்தானம். தன் எல்லைக்குள் கிடைத்த கல்வெட்டுகளைத் தொகுத்து 1929-இல் அச்சிட்டு வெளியிட்டதும் அதுதான். மன்னராட்சிக்கு இருந்த தாராளம் மக்களாட்சிக்கு இல்லை. பொதுப்பணத்தில் சேர்ந்த தரவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் கொள்கையை 2012-இல் அறிவித்தவர்களும் இதே டெல்லிக்காரர்கள்தான். அறிவித்ததோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

மழையை அளக்கும் ஊழியருக்குச் சம்பளம் நம் வரிப்பணம். அளந்ததைப் பார்க்க மறுபடியும் பணமா? எந்தத் துறை ஆணையிட வேண்டும், எந்தத் தளத்தில் ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் பாடு. அடுத்த ஐப்பசி அடைமழைக்குள் அந்தப் படிவத்தைக் கிழித்துப் போடட்டும்.