தலைவிதியா? தடுக்கக்கூடிய சாவா?

சேரப்பணஞ்சேரிக்கு இரவு என்று ஒன்று இல்லை. ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் வாலாஜாபாத் சாலையில் ஷிப்டுக்கு ஷிப்டு ஓடிய வண்ணம் இருக்கின்றன. கள்ளக்குறிச்சி இளைஞனும் ஒடிசா இளைஞனும் ஒரே வரிசை வீட்டில், அடுத்தடுத்த அறையில் உறங்குகின்றனர். ஒருவன் மொழி மற்றவனுக்குத் தெரியாது.

அவர்களில் ஒருவன் மூன்று நாட்களாக உண்ணவில்லை, வேலைக்குப் போகவில்லை, "இனி எனக்கு என்ன இருக்கிறது?" என்று முணுமுணுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்? வீட்டுக்காரர், "காற்றுச் சேட்டை, மந்திரித்துக் கயிறு கட்டு" என்பார். ஒப்பந்தக்காரர், "ஊருக்கு அனுப்பிவிடு" என்பார். ஊரிலே கோடாங்கி உடுக்கையுடன் காத்திருப்பான். நாலு எழுத்துப் படித்தவரோ, "பைத்தியம்" என்று நகைத்துவிட்டு நகர்வார். நால்வர் பேச்சும் வேறு, செயல் ஒன்று. துயரத்தில் துடிப்பவனை நால்வருமே தனியே விட்டார்கள்!

அவன் மாண்டுபோனால் அதற்கும் விளக்கம் ஆயத்தமாக இருக்கிறது: "எழுதிய எழுத்து, யாரால் அழிக்க முடியும்?"

அழிக்க முடியும் என்பதற்குச் சான்று கடலுக்கு அப்பாலே இருக்கிறது. இலங்கையில் 1995-ஆம் ஆண்டளவில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். கொடிய பூச்சிமருந்துகளை அந்நாட்டு அரசு 1995-லும் 1998-லும் தடை செய்தது. 2005-ஆம் ஆண்டில் அத்தொகை ஏறத்தாழப் பாதியாயிற்று. கேட்கிறோம்: பிரமன் எழுதிய எழுத்தை அரசாங்கத்தின் ஓர் உத்தரவு எப்படி அழித்தது? சாகத் துடிக்கும் வேகம் பலருக்குச் சில நிமிடங்களோ சில மணிகளோதான் நிற்கிறது. அந்த வேளையில் நஞ்சு கைக்கு எட்டாதிருந்தால், அருகே ஒரு மனிதன் இருந்தால், உயிர் தப்புகிறது. விதி என்பது நம் சோம்பலுக்கு நாம் சூட்டிய பெயர்!

நம் நாட்டு நிலை என்ன? 2022-ஆம் ஆண்டு தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி இந்தியாவில் தற்கொலையால் மாண்டோர் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். நாட்டில் மாண்டோரில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். கோயிலுக்குப் போகாதவர்களா இவர்கள்? நேர்த்திக்கடன் செலுத்தாதவர்களா?

ஏர்வாடியை மறந்துவிட்டோமா? தர்கா நிழலில் மனநோய் தீரும் என்று நம்பிக் கொண்டுவரப்பட்டோர், 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகத்துக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலி பிணித்த கால்களோடு ஓடவும் முடியாமல் கருகினர். மாண்டவர் 28 பேர். பேயை விரட்டுவதாகச் சொன்னவர்கள் மனிதரைப் பூட்டி வைத்தார்கள். கோயிலாயினும் தர்காவாயினும் மாதா கோயிலாயினும், நோயாளிக்குச் சங்கிலி தருமிடம் புண்ணியத் தலமாகாது.

நம் பக்கத்துத் தோழர் சிலர் கேட்பர்: "துன்பத்தின் வேர் சுரண்டல், அதை ஒழித்தால் மனமும் தெளியும். பேசி ஆறுதல் கூறுவது எதற்கு?" வேரைப் பற்றி அவர்கள் சொல்வது மெய். ஆனால் அணை கட்டி முடியும் வரையில் வெள்ளத்தில் போகிறவனை வேடிக்கை பார்ப்பதா?

இதே தொழில் வட்டாரத்தில், 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்ட ஃபாக்ஸ்கான் தொழிலாளப் பெண்கள் மருத்துவமனை புகுந்தனர். தோழியர் சிலர் இறந்துவிட்டனர் என்ற வதந்தி பரவிற்று. தெளிவான பதில் கிடைக்காத பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். நெருக்கடி நேரத்தில் உண்மையை உடனே சொல்வதே முதல் மருந்து. அது கிடைக்காத இடத்தில் அச்சம் ஆயிரமாகப் பெருகும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி திறக்கப்பட்டது, வரவேற்கிறோம். படுக்கைகளை எண்ணியவர்கள், நள்ளிரவில் அழுகுரல் கேட்கும் செவிகளையும் எண்ணினார்களா?

சட்டம் நம் பக்கம் நிற்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமை ஆக்குகிறது. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற தொலைபேசி எண் இயங்குகிறது. சென்னையில் 1986 முதல் சிநேகா அமைப்பு இதே பணியைச் செய்துவருகிறது. ஏட்டில் உள்ளதை வரிசை வீட்டு வாசலுக்குக் கொண்டுசெல்ல ஆள் வேண்டும்.

அந்த ஆள் நாமே, தோழர்களே! சோர்ந்து கிடப்பவன் அருகே உட்காருவோம். அறிவுரை பொழியாமல் காது கொடுப்போம். "சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" என்று கூசாமல் கேட்போம், கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை, மனப்பாரம் இறங்க வழி பிறக்கிறது. நஞ்சை அப்புறப்படுத்துவோம். அவனைத் தனியே விடாமல் மருத்துவரிடம் நாமே உடன் செல்வோம். மறுவாரமும் சென்று கதவைத் தட்டுவோம். "பைத்தியம்" என்ற வசைச்சொல்லை நம் மேடையிலிருந்தும் விரட்டுவோம்.

பேய் இல்லை என்று நிலைநாட்டியது நம் வேலையில் பாதி. பேய் பிடித்தது என்று ஒதுக்கப்பட்டவனின் கையைப் பிடிப்பது மறுபாதி. அந்தப் பாதியை இன்றே தொடங்குவோம்!