கோலம் அழகாக இருக்க வேண்டியதில்லை

2019 டிசம்பர் 29, மார்கழி ஞாயிறு. பெசன்ட் நகரில் சிலர், பெரும்பாலும் பெண்கள், தெருவில் கோலம் போட்டார்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம், குடிமக்கள் பதிவேடு வேண்டாம் என்று கோலத்தோடு சேர்த்து எழுதினார்கள். காவல்துறை அவர்களைப் பிடித்துச் சென்று பிறகு விடுவித்தது. மறுநாளே அதே வாசகங்களோடு பல வாசல்களில் கோலங்கள் முளைத்தன. அரசியல் தலைவர்களின் வீட்டு வாசல்களிலும் முளைத்தன.

"கோலத்தில் போய் அரசியலா?" என்று அன்று முகம் சுளித்தவர்களுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. கோலம் ஓர் எல்லைக்கோடு. தெரு எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்று அது சொல்கிறது. யார் அதைத் தாண்டி உள்ளே வரலாம், யார் வெளியே நின்றே பேசிவிட்டுப் போக வேண்டும் என்பதைச் சாதி அந்தக் கோட்டில்தான் எழுதி வைத்தது. மாதவிலக்கு நாளில் போடக் கூடாது, கணவனை இழந்தவள் போடலாமா, சாவு வீட்டு வாசல் எத்தனை நாள் வெறுமையாகக் கிடக்க வேண்டும் என்று ஒரு கைப்பிடி மாவுக்கு இத்தனை சட்டங்கள். இவ்வளவு அரசியலையும் சகித்துக்கொண்டவர்களுக்கு, பெண்கள் தாங்களாக ஒரு வரி சேர்த்த பிறகுதான் கோலத்தின் புனிதம் நினைவுக்கு வந்தது.

அந்த வரி எதைப் பற்றியது? யார் எந்த மண்ணைச் சேர்ந்தவர் என்று காகிதம் காட்டி நிரூபிக்கச் சொல்லும் பதிவேட்டைப் பற்றியது. அசாமில் 2019 ஆகஸ்ட் 31இல் வந்த இறுதிப் பட்டியலில் 19 லட்சத்துக்கும் அதிகமானோர் விடுபட்டார்கள். மணமாகி வேறு ஊர் போன பெண்கள் பலர், தாங்கள் இன்னாருடைய மகள் என்று காட்ட ஊராட்சிச் சான்றிதழையே நம்பியிருந்தார்கள். அந்தச் சான்றிதழ் செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. நம் மொழியிலும் பெண்ணுக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இரண்டு வீடுகள் உண்டு. பட்டா பெரும்பாலும் வேறொருவர் பெயரில் இருக்கும். இடம் பற்றிய கேள்வியை வாசலில் குனிந்து வரைந்து கேட்டது சரியான இடத்தில் கேட்டதுதான்.

நான் தமிழ் கற்பிப்பவள். நம் மரபில் நிலமும் உணர்வும் ஒன்று என்று பெருமையோடு வகுப்பெடுக்கிறோம். குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல். ஐந்தும் அவனுடைய வரவையும் போக்கையும் வைத்து நிலத்துக்கு இட்ட பெயர்கள். உடன்போக்கில் அவள் நடக்கிறாள், அப்போதும் அவனோடுதான். அவள் தனியே நடந்து அறிந்த நிலத்துக்கு இந்த வரைபடத்தில் பெயர் இல்லை.

கோலத்தைப் புகழ்கிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974இல் கோலத்துக்குக் கணினி இலக்கணம் வகுத்துக் கட்டுரை வெளியிட்டார்கள். மூவரில் இருவர் பெண்கள். குனிந்த கைகளுக்குள் இருந்த கணிதத்தைக் கண்டு சொன்ன அந்த உழைப்பை மதிக்கிறேன். பின்னால் வந்த பாராட்டுரைகளோ சமச்சீர், தியானம், பாரம்பரியம் என்று சொல்லி அங்கேயே நின்றுவிட்டன. இவள் வேறு எதை வரைய விரும்புவாள் என்று அவை கேட்கவில்லை. விளைவைப் பாருங்கள்: ஏழு வயதிலிருந்து பதினைந்து புள்ளிக் கோலம் போடுகிறவள் "எனக்குப் படம் வரையத் தெரியாது" என்கிறாள்.

அவளுக்காக வரையப் பிறர் வருகிறார்கள். நகரத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடத்துக்குக் கண்ணகி நகர் என்று பெயர். அரசனிடம் நீதி கேட்டவளின் பெயர். 2020இல் அங்கே சுவர்களில் பெரிய பெரிய முகங்கள் வரையப்பட்டன. அது கலை மாவட்டம் என்று அறியப்பட்டது. வரைந்தவர்களின் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வேலை செய்த வீடுகளிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி எறியப்பட்ட பெண், தான் இழந்த தெருவையும் விடியற்காலைப் பேருந்தையும் வரைந்தால் அது எந்தச் சுவரில் ஏறும்? வண்ணம் பூசிய சுவர் நன்றாகப் படம் பிடிபடும். வெளியேற்றம் அதற்குப் பின்னால் மறைந்துகொள்ளும்.

இழந்தவர்களையே வரையச் சொன்ன முன்மாதிரி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. தோம்பு என்பது டச்சுக்காரர் காலத்து நிலப் பதிவேடு. ஓவியர் தா. சனாதனன், போரால் இடம்பெயர்ந்த மக்களிடம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அதைக் கட்டடக்கலை வரைபடமாகவும் ஆக்கி, தன் ஓவியத்தையும் சேர்த்து 2011இல் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற நூலாக்கினார். முழுமை பெறாத தோம்பு. இடிந்துபோன வீட்டுக்கு, அதில் வாழ்ந்தவரின் கோணல் கோடு பத்திரமாகிறது.

என் மாணவிகளுக்கு நான் வைக்கும் பயிற்சியும் இதுதான். வீட்டிலிருந்து கல்லூரி வரை வரைய வேண்டும். கைபேசி கூடாது. கம்பிக் கோலம் போல, கோடு விட்டுப் போகாமல் வரைய வேண்டும். அழகாக இருக்கக் கூடாது. ஒருத்தி தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தை மொத்தச் சாலையைவிட நீளமாக வரைந்தாள். அங்கே நிற்கும் ஆண்களைக் கடக்க அவ்வளவு தூரம் ஆகிறதாம். முடிச்சூர்ப் பெண் எல்லா வீடுகளின் குறுக்கேயும் 2015 வெள்ளத்தின் மட்டத்தை ஒரே கோடாக இழுத்தாள். பெரும்பாக்கத்துப் பெண்ணின் தாள் முழுக்கப் பேருந்து. வீடு ஓரத்தில் ஒரு புள்ளி. செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒருத்தி, கோயில் இருக்கும் தெருவை வெள்ளையாக விட்டிருந்தாள். "அதுல நான் நடந்ததில்ல மேடம்" என்றாள். இந்த நாலையும் எந்தப் புலப்படத்தில் தேடுவீர்கள்?

இதனால் பட்டா மாறிவிடுமா என்று கேட்பார்கள். மாறாது. ஆனால் நிலத்தை யார் எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவு செய்யும் வரைபடங்களும் யாரோ சிலர் மேசையில் இழுத்த கோடுகள்தான். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் மூன்றாம் முழுமைத் திட்டம் 2027 முதல் 2046 வரை இந்த நகரத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கப் போகிறது. தாம்பரம் மாநகராட்சிக்கு 70 வார்டுகள் இருக்கின்றன. வார்டுக்குப் பத்துப் பெண்கள் உட்கார்ந்து வரையட்டும்: எங்கே விளக்கு இல்லை, எங்கே கழிப்பறை பூட்டியிருக்கிறது, எங்கே தண்ணீர் ஏறும், எந்தத் தெருவில் யாருக்கு நடக்க முடியாது. அதைக் கொண்டுபோய்க் கருத்துக் கேட்புக் கூட்டத்தின் மேசைமேல் விரிக்கட்டும். படம் கோணலாக இருக்கிறது என்று அதிகாரி சொன்னால், தெருதான் கோணல் என்று சொல்லலாம்.