பசி மட்டுமே குத்துச்சண்டை வீரனை உருவாக்குகிறதா?

அண்மையில் கனடாவில் வசிக்கும் பழைய பத்திரிகை நண்பர் ஒருவருடன் தொலைபேசியில் உரையாடிக்கொண்டிருந்தபோது பேச்சு எங்கெங்கோ சுற்றி குத்துச்சண்டையில் வந்து நின்றது. இன்று ஒரு கோடி மக்கள்கூட இல்லாத கியூபா, 2024 பாரிஸ் போட்டிகள் வரையில் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் 42 தங்கப் பதக்கங்களை வென்றிருக்கிறது. அந்த எண்ணிக்கையில் அமெரிக்கா மாத்திரமே அதற்கு மேலே நிற்கிறது. இது எவ்வாறு சாத்தியமாயிற்று என்று நண்பர் கேட்டார். நான் வாய்திறப்பதற்கு முன்னரே விடையையும் அவரே கூறிவிட்டார். "பசி ஐசே, பசி. வயிறு காய்ந்தவன்தான் நன்றாக அடிப்பான்."

விளையாட்டுச் செய்தி எழுதும் எங்கள் சாதியார் தலைமுறை தலைமுறையாக இந்த வசனத்தை வைத்துப் பிழைத்துவந்திருக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். ஆனால், சற்று நிதானமாக யோசித்தால் அது நிற்காது. பசிதான் பயிற்றுநர் என்றால் உலகின் மிக வறிய நாடுகள் அல்லவா பதக்கப் பட்டியலின் உச்சியில் இருக்கவேண்டும்?

கியூபாவில் புரட்சிக்கு முன்னரும் பசி இருந்தது, குத்துச்சண்டையும் இருந்தது. ஹவானா வீதிகளில் பத்திரிகை விற்ற சிறுவன் ஒருவன், பத்திரிகை ஒன்று நடத்திய போட்டியில் கையுறை அணிந்து, பின்னர் 'கிட் சொக்கலட்' என்ற பெயரில் 1931 இல் அந்நாட்டின் முதலாவது உலக சம்பியனானான். (பத்திரிகை விற்றவன் முன்னுக்கு வந்த கதை என்பதால் எனக்கு அதில் ஒரு தனிப் பிரியம்.) 1951 இல் கிட் கவிலான் இன்னொரு உலகப் பட்டத்தை வென்றார். ஆயினும், இவர்கள் அமெரிக்க ஏற்பாட்டாளர்களின் சந்தைக்குச் சென்ற தனிமனிதர்கள். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் கியூபா தனது முதற் பதக்கத்தைப் பெறுவதற்கு 1968 வரை காத்திருக்க நேர்ந்தது. அப்போதும் இரண்டு வெள்ளிகள்தான்.

1962 இல் கியூப அரசு தொழில்முறை விளையாட்டைத் தடைசெய்தது. அதையடுத்து தேசிய அணியின் பொறுப்பை ஏற்ற அல்சிடெஸ் சகாரா சுமார் நான்கு தசாப்தகாலம் அதைக் கட்டியெழுப்பினார். சோவியத் பயிற்றுநர்களிடமிருந்து உடற்பயிற்சி விஞ்ஞானத்தை எடுத்துக்கொண்டார். ஆனால், கால் அசைவை மாத்திரம் கியூபாவின் நடனத்திடமே விட்டுவைத்தார். ஊரிலுள்ள திறந்தவெளிப் பயிற்சிக்கூடம், அங்கிருந்து மாகாண விளையாட்டுப் பாடசாலை, அங்கிருந்து ஹவானாவின் புறநகரில் தேசிய அணியின் முகாம் என்று படிகள் அமைந்தன. ஒவ்வொரு படியிலும் சம்பளம் பெறும் ஆசிரியர் ஒருவர் நின்றார். கையுறை கிழிந்திருக்கலாம், ஆசிரியர் இல்லாமல் இருக்கவில்லை. சீனி ஆலைப் பிரதேசத்தில் வளர்ந்த தியோபிலோ ஸ்டீவன்சனுக்கு ஆரம்பப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் ஜோன் ஹெரேரா என்ற முன்னாள் தேசிய சம்பியன். அந்தச் சிறுவனைக் கண்டெடுக்க ஊரிலேயே ஒரு கண் இருந்தது என்பதே இங்கு முக்கியம்.

படிகளே காரணம் என்பதற்கு இந்தியாவே சாட்சி. கியூபாவைச் சேர்ந்த பி. ஐ. பெர்னாண்டஸ் 1990 களிலிருந்து இந்திய வீரர்களைப் பயிற்றுவித்தார். 2008 பெய்ஜிங்கில் விஜேந்தர் சிங் வெண்கலம் வென்றார். இந்தியாவுக்குக் கிடைத்த முதலாவது ஒலிம்பிக் குத்துச்சண்டைப் பதக்கம் அது. அரையிறுதியில் விஜேந்தரைத் தோற்கடித்தவரும் கியூபர்தான் - 1972 இல் தங்கம் வென்ற எமிலியோ கொரேயாவின் மகன், அதே பெயர் கொண்டவர். பசியை ஏற்றுமதி செய்யமுடியாது. வித்தையை ஏற்றுமதி செய்யலாம்.

இப்போது எனது பழைய தவறு ஒன்றைப் பற்றிச் சொல்லவேண்டும். ஸ்டீவன்சன் 1972, 1976, 1980 என மூன்று ஒலிம்பிக்குகளில் பாரந்தூக்கிப் பிரிவு என்று நாம் அந்நாளில் தவறாக மொழிபெயர்த்த அதிபார எடைப் பிரிவில் தங்கம் வென்றார். முஹம்மது அலியுடன் மோதுவதற்கு அமெரிக்க ஏற்பாட்டாளர்கள் பத்து இலட்சம் டொலர்களுக்கு மேல் தருவதாகக் கூறியபோது, தனது மக்களின் அன்பே தனக்குப் பெரிது என்று மறுத்தார். 1980 மொஸ்கோ முடிவு ரெலிபிரிண்டரில் வந்த இரவில் பணியில் இருந்த இளம் உதவி ஆசிரியனான நான், 'டொலரை வீழ்த்திய கைகள்' என்று தலைப்பிட்டேன். மறுநாள் ஆசிரியபீடத்தில் தோளில் தட்டிப் பாராட்டினார்கள். ஸ்டீவன்சன் உளப்பூர்வமாகவே மறுத்தார் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால், அவர் சம்மதித்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்ற கேள்வி அன்று எனக்குத் தோன்றவேயில்லை.

அதற்கான விடையைக் காலம் தந்தது. 1992 பார்சிலோனாவில் 12 தங்கங்களில் ஏழை கியூபா அள்ளிக்கொண்டது. 2004 ஏதென்ஸில் ஐந்து தங்கம். அந்த ஐவரில் ஒருவர்கூட 2008 இல் பெய்ஜிங் செல்லவில்லை. ஒருவர் ஓய்வுபெற்றிருந்தார். மூவர் 2006 இல் வெனிசுவேலாவில் பயிற்சியிலிருந்தபோது அணியை விட்டு வெளியேறினர். ஐந்தாமவரான கில்லேர்மோ றிகொண்டோ 2007 இல் பிரேசிலில் அணியிலிருந்து விலகி, பிடிபட்டு, நாடு திரும்பியபோது அவருக்குக் குத்துச்சண்டை மேடை மூடப்பட்டது. இரண்டு ஒலிம்பிக் தங்கங்களை வென்ற ஒருவர் தனது வித்தையின் உச்சத்தில் வீட்டில் முடங்கினார். 2009 இல் தீவைவிட்டுத் தப்பிச்சென்றார். பெய்ஜிங்கில் கியூபாவுக்கு எட்டுப் பதக்கங்கள் கிடைத்தன. அவற்றில் தங்கம் ஒன்றுமில்லை.

2022 இல்தான் ஹவானா தனது வீரர்களைத் தொழில்முறை மேடைக்கு அனுமதித்தது. அறுபது வருடங்கள் தாமதம். அதே வருடம், டோக்கியோவில் தங்கம் வென்ற அன்டி குரூஸ் நாட்டைவிட்டு வெளியேறினார். பாரிஸில் கியூபாவுக்குக் கிடைத்தது ஒரேயொரு தங்கம்.

கதவைப் பூட்டாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை அறிய அத்திலாந்திக்கின் மறுகரைக்குச் செல்லவேண்டும். கானாவின் தலைநகர் அக்கராவில் கடலோரமாக உள்ள புக்கொம், கா இன மீனவர்களின் பழைய குடியிருப்பு. குழுக்களாக வெறுங்கையால் மோதும் மரபு அங்கு குத்துச்சண்டைக்கு முந்தியது. ஒடுங்கிய தெருக்களுக்குள் நெருக்கமாகப் பயிற்சிக்கூடங்கள். பெரும்பாலானவை அரசின் தயவின்றி முன்னாள் வீரர்களால் நடத்தப்படுபவை. அக்கரா தந்த அசூமா நெல்சன் 1982 இல் மிகக் குறுகிய கால அறிவித்தலுடன் நியூயோர்க் சென்று மெக்சிக்கோவின் சல்வடோர் சன்செஸை 15 ஆவது சுற்றுவரை இழுத்துச்சென்று தோற்றார். 1984 இல் புவேர்ட்டோ றிக்கோவின் வில்பிரெடோ கோமெஸை அவரது சொந்த மண்ணிலேயே வீழ்த்தி உலகப் பட்டத்தை வென்றார்.

ஆனால், அங்கு மேலே செல்லும் படியில் ஆசிரியருக்குப் பதிலாக ஏற்பாட்டாளர் நிற்கிறார். ஒலிம்பிக்கில் கானா இதுவரை வென்ற குத்துச்சண்டைப் பதக்கங்கள் நான்கே. 1975 இல் கானாவின் முதலாவது உலக சம்பியனான டி. கே. பொய்சன், தனது சண்டைப் பணத்தில் 45,000 டொலர்களை அன்றைய இராணுவ அரசு மீன் இறக்குமதிக்காகக் கடன் வாங்கியதாகவும் அது திரும்பவில்லை என்றும் பல தசாப்தங்களாக முறையிட்டுவந்தார். கியூபாவில் அரசு வீரனின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டது. கானாவில் அவனது சட்டைப்பைக்குள் கையை விட்டது.

எமது நாட்டின் கதை சுருக்கமானது. 1938 சிட்னி பேரரசு விளையாட்டுப் போட்டியில் பார்னி ஹென்றிகஸ் இலங்கைக்குத் தங்கம் வென்று தந்தார். 2010 டில்லி பொதுநலவாயப் போட்டியில் மஞ்சு வன்னியாராச்சி வென்ற தங்கம் ஊக்கமருந்துப் பரிசோதனையின் பின்னர் பறிபோனது. ஒலிம்பிக்கில் ஒரு பதக்கமும் இல்லை. பசிக்கு நம்மிடம் எக்காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. ஆனால், குத்துச்சண்டை பெரும்பாலும் சில நகரப் பாடசாலைகளுக்கும் பொலிஸ், முப்படைக் கழகங்களுக்கும் உள்ளேயே நின்றுவிட்டது. தோட்டத்துச் சிறுவனையோ வன்னிச் சிறுவனையோ கண்டெடுக்க அங்கு எவரும் நிற்கவில்லை.

இவற்றையெல்லாம் நண்பரிடம் கூறியபோது அவர் சிரித்துவிட்டு, "அப்படியானால் ஸ்டீவன்சன் அந்தப் பணத்தை வாங்கியிருக்கவேண்டும் என்கிறாயா?" என்று மடக்கினார். அதை முடிவுசெய்வது ஸ்டீவன்சனின் உரிமையாக இருந்திருக்கவேண்டும் என்றேன். 2012 ஜூனில் தனது அறுபதாவது வயதில் அவர் மாரடைப்பால் காலமானபோது, அந்தப் பழைய தலைப்பு வெளியான பக்கத்தை அலுமாரிக்குள் தேடினேன். கரையான் அரித்திருந்தது.