எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் மட்டும் போதுமா?

‘‘நோய் எதிர்ப்பு சக்தி கூடறதுக்கு ஒரு லேகியம் குடுங்க டாக்டர்!’’ கொரோனா வந்துபோன பிறகு, சித்த மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. கேட்பதில் தப்பில்லை. ஆனால், எல்லோருக்கும் அதைக் கூட்டத்தான் வேண்டுமா?

எங்கள் தருமபுரி மாவட்டத்து தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிக்கு பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும்? உடம்பும் அப்படித்தான். கிருமிகளோடு சண்டை போடுபவை, ரத்தத்தில் உள்ள ‘டி’ செல்கள். அவற்றிலேயே ஒரு சிறு கூட்டம், ‘போதும், நிறுத்து’ என்று மற்றவற்றை அடக்கி வைக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி 1995-ல் இந்தக் கூட்டத்தை அடையாளம் காட்டினார். ‘ஃபாக்ஸ்பி3’ என்ற ஜீன் பழுதானால் உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் என்று 2001-ல் கண்டறிந்தவர்கள் மேரி புருன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல். அந்த ஜீன்தான் இந்த ‘பிரேக்’ செல்களை உருவாக்குகிறது என்பது 2003-ல் தெளிவானது. மூவருக்கும் 2025-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இந்த செல்களை எப்படிக் கண்டுபிடிப்பது? ஃபாக்ஸ்பி3 புரதம் செல்லின் உட்கருவுக்குள் இருக்கும். அதை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை லேபில் தயாரித்து, ஒளிரும் சாயம் ஏற்றி, செல்லின் மேலுறையில் நுண்துளைகள் போட்டு உள்ளே அனுப்புகிறார்கள். புரதம் உள்ள செல் லேசர் ஒளியில் மின்னும், கருவி எண்ணிவிடும். ஆனால், சண்டைக்குக் கிளம்பும் சாதாரண ‘டி’ செல்லிலும் இந்தப் புரதம் கொஞ்ச நேரம் தலைகாட்டும். ஆன்டிபாடி ரகத்துக்கு ரகம் கணக்கும் மாறும். அதனால் சிடி4, சிடி25 போன்ற மற்ற அடையாளங்களையும் சேர்த்தே பார்க்கணும். இது ஆராய்ச்சிக்கான சோதனை. உங்க ஊர் லேபில் போய்க் கேட்காதீர்கள்!

சித்த வைத்தியனுக்கு இது எதற்கு என்கிறீர்களா? வாதம், பித்தம், கபம் எதுவும் அளவு மீறக்கூடாது என்பதுதான் எங்கள் படிப்பின் அரிச்சுவடி. ஆனால் இன்று விற்கும் டப்பாக்களில் ‘சக்தி கூட்டும்’ என்று மட்டும்தானே போட்டிருக்கிறது?

வேலியில் படரும் சீந்தில் நல்ல மூலிகை. ஆனால் 2020-ல் சீந்தில் சாப்பிட்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதித்ததாகவும், அதில் தன்னைத்தானே தாக்கும் நோயின் சாயல் இருந்ததாகவும் மும்பை டாக்டர்கள் 2021-ல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. வாய்ச்சண்டையில் இது தீராது. நம் மருந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறதா, பிரேக்கை மிதிக்கிறதா என்று இந்த ஆன்டிபாடிகளைக் கொண்டு ஆராயலாமே! தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், பாளையங்கோட்டைக் கல்லூரியும் இதற்கு முன்னால் நிற்கவேண்டும். சோதனைக்குப் பயப்படுவது நம் வைத்தியத்துக்கு அழகல்ல.

அதுவரை ஒன்று செய்யுங்கள். சரவாங்கி, லூபஸ், சோரியாசிஸ் உள்ளவர்களும், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களும், பக்கத்து வீட்டார் சொன்னார் என்று ‘சக்தி’ மருந்து எதையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். எந்த வைத்தியரிடம் போனாலும், உங்களுக்கு என்ன நோய், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.