நிஜ அடி என்னும் கட்டுக்கதை

ஹாங்காங் குங்பூ படங்களையும் தமிழ்ப் படச் சண்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பேசும்போதெல்லாம் தமிழ்நாட்டில் ஒரே தீர்ப்புதான் திரும்பத் திரும்ப வருகிறது. “அவனுக நெசமாவே அடிக்கறானுக, நம்மாளுக காத்துல கை வீசறாங்க” என்பது அந்தத் தீர்ப்பின் சத்தியமங்கலம் வடிவம். 1973இல் வெளியான ‘எண்டர் தி டிராகன்’ இந்தப் பக்கம் வந்து, புரூஸ் லீயின் படம் சலூன் சுவர்களில் ஏறிய நாளிலிருந்து இந்த வாசகம் மாறவே இல்லை. டீக்கடைப் பேச்சோடு நின்றிருந்தால் விட்டுவிடலாம். திரை விமர்சனங்களிலும் தொலைக்காட்சி உரையாடல்களிலும் இதுவே வரலாறாகச் சொல்லப்படுகிறது. தமிழ் சினிமாவுக்குச் சண்டை தெரியாது, சீனப் படங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டது என்று படித்தவர்களும் எழுதுகிறார்கள். இந்த வாதத்தில் தேறக்கூடிய பகுதி மிகக் குறைவு.

சில்லறைக் குற்றச்சாட்டுகளுக்கு நீண்ட பதில் தேவையில்லை. ‘டிஷ்யூம்’ சத்தம் போலி என்கிறார்கள். ஹாங்காங் படங்கள் பல பத்தாண்டுகள் ஒலியில்லாமல் படமாக்கப்பட்டு, சட்டைக் கை விசிறும் ஓசை உட்பட அத்தனையும் பின்னால் சேர்க்கப்பட்டவை. ஒருவனைப் பத்துப் பேர் சுற்றி நின்று ஒவ்வொருவராக வந்து அடி வாங்குகிறார்கள் என்கிறார்கள். ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி’யில் ஜப்பானியப் பயிற்சிக்கூடத்தில் நடப்பதும் அதுதான். படத்தை ஓட்டிவிட்டு வேகம் காட்டுகிறார்கள் என்கிறார்கள். கேமராவை நொடிக்கு 24 பிரேமுக்குக் குறைவாக ஓடவிட்டுச் சண்டையை வேகப்படுத்துவது ஹாங்காங்கில் அன்றாட வழக்கம்.

வாதத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. “நிஜமாகவே அடிக்கிறார்கள், டூப் கிடையாது” என்பதுதான் அது. இதைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும்.

புரூஸ் லீ உண்மையான சண்டைக்காரர். இப் மேனிடம் விங் சுன் கற்றவர், பிறகு ஜீத் குன் டோ என்ற தன் முறையை உருவாக்கியவர். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவருடைய தந்தை லீ ஹோய்-சுவென் கான்டனீஸ் இசை நாடக நடிகர். லீ குழந்தை நட்சத்திரமாகத் திரைக்கு வந்தவர். 1958இல் ஹாங்காங்கின் சா-சா நடனப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர். உடலைக் கேமராவுக்கு எப்படிக் காட்டுவது என்பதைச் சண்டைக்கு முன்பே அறிந்தவர் அவர். அவருடைய முதல் பெரிய வெற்றியான ‘தி பிக் பாஸ்’ (1971) படத்தின் சண்டைகளை அமைத்தவர் ஹான் யிங்-சியே. அந்தப் படத்தின் வில்லனும் அவரே. அவர் பீகிங் ஓபரா மேடையில் வளர்ந்தவர்.

டூப் விஷயத்தில் வாதம் முற்றிலும் சரிகிறது. ‘எண்டர் தி டிராகன்’ படத்தில் ஓஹாரா என்ற அடியாளுடன் மோதும்போது லீ பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே முகவாயில் உதைப்பார். அரங்கம் எழுந்து கைதட்டிய இடம் அது. அந்தக் கரணத்தை அடித்தவர் லீ அல்ல, யுவென் வா. லீக்கு வேண்டிய கரணங்களையெல்லாம் அடித்துக் கொடுத்த இந்த மனிதரைத்தான் முப்பது ஆண்டுகள் கழித்து ‘குங்பூ ஹஸில்’ (2004) படத்தில் வீட்டுக்காரராகத் தமிழ் ரசிகர்கள் பார்த்தார்கள். ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி’யின் (1972) கடைசிச் சண்டையில் லீயின் உதையில் கதவை உடைத்துக்கொண்டு வெளியே பறந்து விழுவது வில்லன் நடிகர் அல்ல, அவருக்கு டூப் போட்ட இளைஞர். அந்த இளைஞரின் பெயர் ஜாக்கி சான். லீ இறந்தபின் 1978இல் வெளியிடப்பட்ட ‘கேம் ஆஃப் டெத்’ பெரும்பகுதி டூப்களை வைத்தே முடிக்கப்பட்டது. டூப் இல்லாத சினிமா என்று இவர்கள் கொண்டாடுவது, டூப் கலைஞர்களை உலகத்தரத்துக்கு உயர்த்திய சினிமாவை. அந்தக் கலைஞர்களின் பெயரை மறைத்துவிட்டு நாயகனுக்கு மட்டும் புகழ் சேர்ப்பது குங்பூ சினிமாவுக்கே செய்யும் அவமரியாதை.

ஜாக்கி சான், சம்மோ ஹங், யுவென் பியாவ், யுவென் வா நால்வரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். யு ஜிம்-யுவென் என்ற ஆசான் ஹாங்காங்கில் நடத்திய சீன நாடகப் பள்ளி அது. ஜாக்கி ஏழு வயதை ஒட்டிச் சேர்ந்து பத்து ஆண்டுகள் அங்கே இருந்தார். அது சண்டைப் பள்ளி அல்ல. பாட்டு, வசனம், முகபாவம், கரணம், மேடை ஆயுதம் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கற்பித்த ஓபராப் பள்ளி. அங்கே கற்றது எதிராளியை வீழ்த்துவதல்ல. எதிராளியோடு தாளம் தவறாமல் ஆடுவது. அமெரிக்கத் திரை ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் ஹாங்காங் சண்டையின் அடிப்படை அமைப்பை இப்படித்தான் விளக்கினார்: அசையாமல் நிற்பது, வெடித்துப் பாய்வது, மறுபடி அசையாமல் நிற்பது. நிஜ அடிதடியில் எவனும் நடுவில் நின்று போஸ் கொடுப்பதில்லை.

உண்மையான குருபரம்பரையில் வந்தவர் ஒருவர் உண்டு. லாவ் கார்-லியுங். குங்பூ ஆசான் வாங் ஃபெய்-ஹுங்கின் சீடர் லாம் சாய்-விங், அவருடைய சீடர் லாவ் சாம், அவருடைய மகன் இவர். ‘தி தர்ட்டி சிக்ஸ்த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்’ (1978) இவர் இயக்கியது. நிஜக் கலை தெரிந்த இவரே திரையில் காட்டியது அடியின் பலத்தை அல்ல, வரிசையின் தெளிவை. அதே ஆண்டில் வந்த ‘ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்’ படத்தில் சீன, ஜப்பானியக் கலைகள் ஒவ்வொன்றாக மோதுகின்றன. ஒரு உயிர்கூடப் போவதில்லை.

அவருக்கும் முன்னோடியான இயக்குநர் கிங் ஹுவின் படங்களைப் பார்த்தால் நிஜவாதம் இன்னும் பலவீனமாகிறது. ‘கம் டிரிங்க் வித் மீ’ (1966) படத்தின் வாள்வீராங்கனை செங் பெய்-பெய் பாலே நடனம் பயின்றவர். ‘எ டச் ஆஃப் ஸென்’ படத்தின் மூங்கில் காட்டுச் சண்டை டிராம்போலினில் குதித்தும், கண் இமைக்கும் நேரத் துண்டுகளாக வெட்டி ஒட்டியும் செய்யப்பட்டது. 1975 கான் விழாவில் அந்தப் படத்துக்குத் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது. கட் போடாமல் எடுப்பதுதான் குங்பூ சினிமா என்று பேசுகிறவர்கள் இந்தப் படத்தை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

அடுத்த குற்றச்சாட்டு பயிற்சி பற்றியது: சீனர்கள் குழந்தையிலிருந்தே பயின்றார்கள், தமிழ் நடிகர்கள் மேக்கப் போட்டுக்கொண்டு நேரே வந்துவிட்டார்கள். எம்.ஜி.ஆர் ஏழு வயதை ஒட்டி மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர். வில்லன் நடிகர் நம்பியார் பதின்மூன்று வயதில் நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் குழுவுக்குப் போனவர். பாட்டு, வசனம், ஆட்டம், கத்திச் சண்டை எல்லாம் அங்கே ஒரே பாடத்திட்டம். கவுலூனில் ஓபராப் பள்ளி செய்த வேலையைத் தமிழகத்தில் பாய்ஸ் கம்பெனிகள் செய்தன. இரண்டு சினிமாக்களும் ஒரே வகைத் தாயின் பிள்ளைகள்.

இந்தத் தமிழ்ப் பிள்ளைகள் திரையில் மோதிய முக்கிய இடம் கொங்கு மண்டலம் என்பதை இங்கேயே மறந்துவிட்டார்கள். எம்.ஜி.ஆர் நாயகனான ‘ராஜகுமாரி’ (1947) கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவானது. அதில் அவருடன் மோதும் பலசாலி, கோவை ராமநாதபுரத்து சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர். ‘மர்மயோகி’யும் (1951) கோவையில் எடுத்ததே. ‘மலைக்கள்ளன்’ (1954) ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டு, ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘மந்திரிகுமாரி’ (1950), ‘சர்வாதிகாரி’ (1951), ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) என்று வாளும் குதிரையுமாகப் படங்களைத் தந்தது. ‘அலிபாபா’வின் வில்லன் பி.எஸ். வீரப்பா காங்கேயத்துக்காரர். 1956இல் தேவர் பிலிம்ஸைத் தொடங்கிய சின்னப்பா தேவர் எம்.ஜி.ஆரை வைத்து மட்டும் 16 படங்கள் எடுத்தார். உடற்பயிற்சிக்கூடத்தில் உடம்பை வளர்த்தவர் படமுதலாளி ஆனதால், சண்டைக்கு அங்கே பாட்டுக்குச் சமமான இடம் இருந்தது. இந்தப் படங்களில் பல, புரூஸ் லீ ‘தி பிக் பாஸ்’ படத்தில் நடிப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முந்தையவை.

இந்தப் படங்களின் கத்திச் சண்டைகளைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இருவரும் தலை முதல் கால் வரை சட்டகத்துக்குள் நிற்கிறார்கள். பல வீச்சுகள் ஒரே ஷாட்டில் ஓடுகின்றன. யார் முன்னேறுகிறார், யார் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்குகிறார் என்பது பார்ப்பவருக்குக் குழப்பமே இல்லாமல் தெரிகிறது. குங்பூ படத்தின் சிறப்பு என்று எதைச் சொல்கிறார்களோ, அதுவே இது. கம்பு வந்தால் இன்னும் விசேஷம். சிலம்பத்தில் கம்பைத் தொடுவதற்கு முன் காலடிதான் பாடம். காலடி வராதவனுக்கு வாத்தியார் கம்பு கொடுப்பதில்லை. ‘பெரிய இடத்துப் பெண்’ (1963) படத்தில் எம்.ஜி.ஆர் கம்பு சுற்றும்போது கேமரா அந்தக் காலடியை விட்டு விலகுவதில்லை. ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) படத்தில் ரிக்‌ஷாவை மிதித்தபடியே சிலம்பம் ஆடுவார். ஓடும் வண்டி, சுழலும் கம்பு, சுற்றிலும் ஆட்கள் என்று மூன்றையும் ஒரே இடத்தில் கோத்த அமைப்பு. கையில் கிடைக்கும் பொருளைச் சண்டைக்குள் இழுத்ததற்காக ஜாக்கி சானைப் போற்றுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். அவருடைய ‘பிராஜெக்ட் ஏ’ வந்தது 1983இல்.

காப்பி என்ற குற்றச்சாட்டும் இருக்கிறது. ‘சர்வாதிகாரி’ ஒரு ஹாலிவுட் வாள்வீரர் படத்தின் தழுவல்தான். ஹாங்காங்கின் வாள் படங்களும் ஜப்பானியச் சாமுராய்ப் படங்களிடம் கைநீட்டி வாங்கியவைதான். கடன் வாங்காத சண்டை சினிமா உலகில் இல்லை.

உண்மையிலேயே குங்பூ படத்திலிருந்து வந்த தமிழ்ப் படம் ‘பாயும் புலி’ (1983). ‘தர்ட்டி சிக்ஸ்த் சேம்பர்’ தந்த தூண்டுதலில் ஏவி.எம் தயாரிக்க, எஸ்.பி. முத்துராமன் இயக்கியது. மூலப் படத்தின் நடுப்பகுதி முழுக்கப் பயிற்சி. வாளி சுமப்பதிலிருந்து மணல் மூட்டையில் தலையை மோதுவது வரை ஒவ்வொரு கூடமாக நாயகன் ஏறுகிறான். அந்தப் பயிற்சியே கதை. தமிழில் பாட்டு, காதல், நகைச்சுவை, தங்கைப் பாசம் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கியதுபோகப் பயிற்சி ஒரு பகுதியாகச் சுருங்கியது. இங்கே தமிழ்ப் படம் தோற்றது மறுக்க முடியாதது. தோல்விக்குக் காரணம் சண்டை மாஸ்டரின் திறமைக் குறைவு அல்ல, அவருக்குக் கிடைத்த நேரக் குறைவு. ஹாங்காங்கில் ஒரு கடைசிச் சண்டைக்கு வாரக்கணக்கில் படப்பிடிப்பு நடக்கும். அந்த வசதி அப்போது இங்கே மாஸ்டர்களுக்குக் கிடைக்கவில்லை.

ரோப் கட்டிப் பறப்பதைத் தமிழ் சினிமாவின் தனிக்குற்றமாகச் சொல்வது அடிப்படையே தெரியாத பேச்சு. அந்த ரோப்பை ஜெட் லீயின் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் சைனா’ (1991) போன்ற படங்கள் பரப்பின. அங்கிருந்துதான் அது இங்கே வந்தது. கயிற்றை எடுத்துக்கொண்டவர்கள் முழு உருவ ஷாட்டை எடுத்துக்கொள்ளாததே இன்றைய தமிழ்ச் சண்டைகளின் குறை. அந்த ஷாட் கோவையிலும் சேலத்திலும் 1950களிலேயே கையில் இருந்தது.

சண்டையின் தரத்துக்கு அளவுகோல் வேண்டுமானால் அடி பட்டதா என்று பார்ப்பது வீண். காலடி தெரிகிறதா, ஷாட் எத்தனை வீச்சுகளைத் தாங்குகிறது, அடிக்கும் விதத்திலேயே அந்த ஆளின் குணம் வெளிப்படுகிறதா என்று பார்க்கலாம். ‘டிரங்கன் மாஸ்டர்’ (1978) இந்த மூன்றிலும் தேறுகிறது. ‘சர்வாதிகாரி’யும் தேறுகிறது. இரண்டு ஊரிலும் தேறாத படங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. சத்தியமங்கலத்துக்கு ஹாங்காங்கின் நல்ல படங்கள் மட்டும் பொறுக்கி வந்தன. தமிழில் நல்லதும் கெட்டதும் வாரந்தோறும் வந்தன. பொறுக்கியதையும் பொறுக்காததையும் ஒரே தராசில் வைத்துத்தான் ஐம்பது ஆண்டுகளாகத் தீர்ப்பு எழுதப்படுகிறது.

இரண்டு சினிமாக்களுக்கும் உண்மையான வேறுபாடு ஒன்று உண்டு. ஹாங்காங் தன் சண்டை அமைப்பாளர்களை மதித்தது. 1983லேயே ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சண்டை அமைப்புக்குத் தனிப் பரிசு வந்தது. முதல் பரிசு ‘தி பிராடிகல் சன்’ படத்துக்காக சம்மோ ஹங் குழுவினருக்குப் போனது. இந்தியத் தேசிய விருதுகளில் அந்தப் பிரிவு 2016ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதன்முதலில் சேர்க்கப்பட்டது. 1,200க்கும் மேற்பட்ட படங்களுக்குச் சண்டை அமைத்து 2013இல் கின்னஸ் சாதனையாளரான ஜூடோ ரத்தினம், 2023 ஜனவரி 26 அன்று குடியாத்தத்தில் காலமானார். அந்தத் தேசிய விருது அவருக்குக் கிடைக்கவில்லை.