கேஸ் ஷீட் எங்கே?

காஞ்சிபுரம் மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு,

ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போ பக்கம் எங்கள் தெரு. போன மாதம் எதிர்வீட்டுப் பெண் பிரசவம் முடிந்து வந்தாள். குழந்தை வலது கையை மடக்கி வாய்க்குக் கொண்டுபோகிறது. இடது கை உள்பக்கம் திரும்பி, துணி மாதிரி கிடக்கிறது. "தோள் மாட்டிக்கிச்சு" என்று பிரசவ அறையில் யாரோ கத்தியது மட்டும் அவளுக்கு நினைவிருக்கிறது.

ஃபைலைப் பிரித்துப் பார்த்தேன். கையுறைக்குக்கூடத் தனி பில் இருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் குழந்தையைப் பற்றி ஒரே வரி: நலம். கேஸ் ஷீட் கேட்டதற்கு, "ஏன், வக்கீல் கிட்ட போறீங்களா?" என்றாராம் கவுண்டரில் இருந்தவர்.

டாக்டர் மேல்தான் தப்பு என்று நான் சொல்லவில்லை. தலை வந்தபின் தோள் சிக்குவது முன்னறிவிப்பில்லாமலும் நடக்கும். சில நிமிடங்களுக்குள் எடுத்தாக வேண்டும். அப்போது தோள் நரம்பு இழுபட்டுத் துவண்ட கை பெரும்பாலும் தேறிவிடும். மூன்று மாதமாகியும் முழங்கையை மடக்காவிட்டால் அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும். அவர் கேட்கும் முதல் கேள்வி, பிரசவத்தில் என்ன நடந்தது என்பதுதான். அதற்குப் பதில் அந்த கேஸ் ஷீட்டில் இருக்கிறது. இருக்க வேண்டும்.

எழுதித் தராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. 1996 ஆகஸ்டில் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 29 வாரத்தில், 1250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஏறத்தாழ 25 நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். குறைமாதக் குழந்தைக்கு விழித்திரை கெடலாம், பிறந்த ஒரு மாதத்துக்குள் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. தெரிந்தபோது பார்வை போயிருந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ஏறக்குறைய 1.8 கோடியாக உயர்த்தியது. அதற்குள் அந்தப் பெண்ணுக்கு வயது 18. ஒரு தேதியை எழுதிக் கொடுத்திருந்தால் போதுமே என்று அந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

நோயாளியோ வீட்டாரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளே சொல்கின்றன. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இருப்பதோ இரண்டே வருடம். கை சரியாகிவிடும் என்று எண்ணெய் தடவிக்கொண்டே ஒரு வருடத்தைக் கழித்துவிடுகிறார்கள் எங்கள் ஜனங்கள்.

1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி, எங்கள் பகுதி நர்சிங் ஹோம்களின் பதிவு உங்கள் அலுவலகத்தைச் சார்ந்தது. ஆய்வுக்குப் போகிறவர்கள் தீயணைப்புக் கருவியைப் பார்ப்பது போல, கடைசியாகப் பிரசவித்த பத்துப் பேரின் கேஸ் ஷீட்டையும் எடுத்துப் பார்க்கட்டும். வலி வந்த நேரம், குழந்தையின் இதயத்துடிப்பு, ஆயுதம் போட்டார்களா என்பதெல்லாம் அந்தந்த நேரத்தில் எழுதியதா, பிறகு ஒரே மூச்சில் நிரப்பியதா என்பது கையெழுத்திலேயே தெரிந்துவிடும். வீட்டுக்கு அனுப்பும்போது நகலைக் கேட்காமலே கொடுக்கச் சொல்லுங்கள். குறைமாதக் குழந்தை என்றால் கண் பரிசோதனைத் தேதியைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதித் தரட்டும்.

எதிர்வீட்டுப் பெண்ணின் கணவர் செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு கேஸ் ஷீட் கேட்டு மனுவை எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வந்தார். இன்று ஞாயிறு.

இப்படிக்கு,
ஐயப்பன்தாங்கல்வாசி