பயம் காட்டினால் போதுமா?

மொரப்பூர் ரெயில் நிலையத்துக்கு வெளியே ஒரு பெட்டிக்கடை. காலை நேரம். ரெயிலைப் பிடிக்க ஓடுகிற கூட்டம் ஒரு பக்கம். அரூர் பஸ்சில் வந்து இறங்கிய கூட்டம் ஒரு பக்கம். டீக்கு அடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியவர். தோள் துண்டால் வாயையும் தாடையையும் சேர்த்து மூடியிருந்தார். டீ வந்ததும் துண்டை விலக்கினார். இடது பக்கத் தாடை இல்லை! கன்னம் குழிந்து, வேறு இடத்தில் இருந்து எடுத்துத் தைத்த சதை கறுத்துத் தெரிந்தது.

அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு சின்னப் பையன். பள்ளிக்கூட யூனிபாரம். கடையில் தொங்கிய பாக்கெட்டைப் பார்த்தான். பெரியவரைப் பார்த்தான். கத்தினான்:

"அம்மா, அங்க பாரும்மா! பாக்கெட்டுல இருக்கிற மாமா!"

அம்மா பையன் வாயைப் பொத்தினாள். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் பாதி டீயை அப்படியே வைத்தார். காசைக் கொடுத்தார். துண்டை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டார்.

கொலை, திருட்டு, விபத்து என்று எழுதுகிறவன் நான். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் நடுராத்திரியிலும் ஓடுகிறவன். ரத்தம் எனக்குப் புதிது இல்லை. ஆனாலும் அந்தப் பையனின் குரல் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

பையன் மேல் தப்பு கிடையாது. கண்ணுக்குப் பட்டதைச் சொன்னான். அப்படியானால் தப்பு யார் மேல்? படத்தைப் போட்ட அரசாங்கத்தின் மேலா? "மக்களைத் திருத்துகிறேன் என்று இவ்வளவு கோரமாகவா படம் போடுவது?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா?

தேள் வந்தது, போனது

முதலில் கதையைத் தெரிந்துகொள்வோம்.

புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது 2003-ல். பாக்கெட்டில் படம் வந்ததோ 2009 மே 31-ந்தேதிதான். ஆறு வருஷம் இழுத்தார்கள். வந்த படமாவது உறைத்ததா? சிகரெட், பீடிக்கு நுரையீரல் படம். வாயில் போடுகிற புகையிலைக்கு என்ன படம் தெரியுமா? தேள்! புற்றுநோயைக் காட்டத் தேள் படம்! "தேள் மார்க்கு புகையிலை ஒண்ணு குடு" என்று யாராவது கேட்டிருந்தால்கூட ஆச்சரியப்படுவதற்கில்லை. அந்தப் படமும் முன்பக்கத்தில் 40 சதவீத இடத்தில்தான்.

பிறகுதான் நிஜப் படங்கள் வந்தன. பாக்கெட்டின் இரண்டு பக்கமும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று உத்தரவு. 60 சதவீதம் படம், 25 சதவீதம் எழுத்து. இது 2015 ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்திருக்க வேண்டும். தள்ளிப் போட்டார்கள்.

அதே ஏப்ரல் 1-ந்தேதி, மத்தியப் பிரதேசத்தில் சுனிதா தோமர் என்ற பெண் இறந்தார். வயது 28. புகையிலை போட்டு வாய்ப் புற்றுநோய் வந்தவர். அரசாங்க விளம்பரத்தில் தன் முகத்தைத் தானே காட்டியவர். உத்தரவைத் தள்ளிப் போடாதீர்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதியவர். கடிதம் போனது. உயிரும் போனது. 85 சதவீதம் வந்தது மட்டும் ஒரு வருஷம் கழித்து, 2016 ஏப்ரல் 1-ந்தேதி!

அதோடு முடிந்ததா? 2017 டிசம்பரில் கர்நாடக ஐகோர்ட்டு அந்த விதியை ரத்து செய்தது. 2018 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டது. படம் பிழைத்தது.

படத்தால் பலன் உண்டா?

உண்டு. 2016-17-ல் நாடு முழுவதும் நடந்த புகையிலை சர்வே சொல்கிறது. பாக்கெட்டில் உள்ள எச்சரிக்கையைப் பார்த்து, "விட்டுவிடலாமா?" என்று யோசித்தவர்கள் சிகரெட் பிடிப்பவர்களில் 100-க்கு 62 பேர். பீடி பிடிப்பவர்களில் 54 பேர். வாயில் போடுகிறவர்களில் 46 பேர். இதே சர்வே 2009-10-ல் நடந்தபோது சிகரெட்காரர்களில் 38 பேர்தான் அப்படி யோசித்தார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளிக்கு எழுத்து எதற்கு? படம்தானே பேசும்? ஆகவே "படம் கோரமாக இருக்கிறது, எடுத்துவிடு" என்ற கட்சியில் நான் இல்லை. கோரம் நோயில் இருக்கிறது. படத்தில் இல்லை.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். விபத்துப் படத்தையும் பிணத்தின் படத்தையும் போட்டு விற்கிற பத்திரிகைத் தொழிலில் இருந்துகொண்டு, "அரசாங்கமே, கோரப்படம் போடாதே" என்று எழுத எனக்கு வாய் வராது.

ஆனால் பயத்துக்கு ஒரு குணம் உண்டு. அது யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது.

மண்டை ஓடு செய்த வேலை

இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமி கண்டுபிடிக்கப்பட்டது நம்ம சென்னையில்தான். 1986-ல். அதன்பிறகு சுவருக்குச் சுவர் மண்டை ஓடு. "எய்ட்ஸ் என்றால் சாவு" என்ற பேச்சு. நோக்கம் நல்லதுதான். ஜனங்கள் எதைக் கண்டு பயந்தார்கள்? கிருமியைக் கண்டா? இல்லை. நோயாளியைக் கண்டு! தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தார்கள். வீட்டை விட்டுத் துரத்தினார்கள். பயந்துபோன ஆள் பரிசோதனைக்கே வரவில்லை. நோய் ஒளிந்துகொண்டு பரவியது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1987-ல் ஆஸ்திரேலியாவில் டெலிவிஷன் விளம்பரம் ஒன்று வந்தது. கையில் அரிவாளோடு எமன் மாதிரி ஓர் உருவம். பந்தை உருட்டி விடுகிறது. குழந்தை, குட்டி, பெண்கள் எல்லோரும் பொத்துப் பொத்தென்று விழுகிறார்கள். நாடே நடுங்கியது. கடைசியில் என்ன ஆயிற்று? நோய் வந்தவனையே எமனாகப் பார்க்க ஆரம்பித்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? கொரோனா காலம் மறந்துவிட்டதா? 2020 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டத்தில் போலீசார் ஒரு வேலை செய்தார்கள். ஊரடங்கில் சுற்றிய பையன்களைப் பிடித்து ஆம்புலன்சில் ஏற்றினார்கள். உள்ளே கொரோனா நோயாளி மாதிரி ஒரு ஆளைப் படுக்க வைத்திருந்தார்கள். பையன்கள் அலறி, ஜன்னல் வழியாகக் குதிக்கப் பார்த்தார்கள். அந்த வீடியோவைப் பார்த்து ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதே ஏப்ரல் மாதம் சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் மறித்தது. ஆம்புலன்சை அடித்து நொறுக்கியது. பிறகு ராத்திரியோடு ராத்திரியாக, கூட வேலை பார்த்த டாக்டரே மண்ணைத் தள்ளிக் குழியை மூட வேண்டி வந்தது.

திருப்பூர் வீடியோதான் அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "நோயாளி என்றால் அலறி ஓடு" என்பதுதானே அந்த வீடியோ சொன்ன பாடம்? சிரித்துக்கொண்டே அதைப் படித்தோம். சுடுகாட்டு வாசலில் அதுவே கல்லாக வந்தது.

புள்ளிராஜா எப்படி ஜெயித்தார்?

பயம் காட்டாமல் ஜனங்களைப் பேச வைக்க முடியாதா? முடியும். 2003-ல் தமிழ்நாடு முழுக்க ஒரே கேள்வி. "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" பஸ் ஸ்டாண்டு, சுவர், பேனர் எங்கும் அதே கேள்வி. மண்டை ஓடு கிடையாது. எலும்பு கிடையாது. யாருய்யா இந்தப் புள்ளிராஜா என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. அதுவரை அந்த நோயின் பெயரை வாயால் சொல்லக் கூசியவர்கள்கூட சொன்னார்கள். மறு வருஷமே, 2004 ஏப்ரலில், எய்ட்ஸ் நோயாளிகளுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். பேச்சு ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம். வழி திறந்தது.

அதற்காக பாக்கெட்டில் புள்ளிராஜாவைப் போடச் சொல்லவில்லை. பாக்கெட்டில் பயம் வேண்டும். கூடவே வழியும் வேண்டும்.

யாரிடம் போய்ச் சேருகிறது?

நம்ம ஊர்ப் பெட்டிக்கடையில் நின்று பாருங்கள். முழு சிகரெட் பாக்கெட் வாங்குகிறவர் எத்தனை பேர்? பெரும்பாலும் ஒன்று, இரண்டு என்று சில்லறையாகத்தான் வாங்குகிறார்கள். படம் கடைக்காரரிடம் தங்கிவிடுகிறது. சிகரெட் மட்டும் கைக்கு வருகிறது.

வாயில் போடுகிற சமாச்சாரம் அதைவிட மோசம். குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் 2013-ல் தடை வந்தது. போலீசார் மூட்டை மூட்டையாகப் பிடிக்கிறார்கள். நானே எத்தனையோ முறை செய்தி எழுதியிருக்கிறேன். ஆனாலும் கல்லாவுக்கு அடியில் இருந்து, பேப்பரில் மடித்து, கைக்குக் கை மாறுகிறது. அதில் படத்தை யார் பார்க்கிறார்கள்?

ஆக, பிடிக்கிறவன் படத்தைப் பார்க்கவில்லை. பிடிக்காத சின்னப் பையன் தினமும் பார்க்கிறான். பார்த்துவிட்டு பெரியவரை "பாக்கெட்டு மாமா" என்கிறான்!

கனடாவில் இதற்கும் வழி செய்தார்கள். 2023-ல் கொண்டுவந்த விதிப்படி ஒவ்வொரு சிகரெட்டின் மேலும் எச்சரிக்கையை அச்சடிக்க வேண்டும். மகாராஷ்டிராவில் 2020-ல் சில்லறையாக விற்பதற்கே தடை போட்டார்கள். இங்கேயும் யோசிக்கலாமே?

பெரியவர் என்ன சொல்கிறார்?

அந்தப் பெரியவரை விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பேச்சு சரியாக வராது. காதைக் கிட்டே கொண்டுபோய்த்தான் கேட்க வேண்டும். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயா, இந்தப் படத்தை எல்லாம் எடுத்துடணும்னு சிலர் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

தலையை ஆட்டினார். "வேண்டாம் தம்பி. எடுக்கக் கூடாது. நான் போட்டுக்கிட்டு இருந்தப்ப தேள் படம்தான் இருந்துச்சு. தேளைப் பார்த்து எவன் விடுவான்?"

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்:

"ஆனா ஒண்ணு. அந்தப் பையன்கிட்ட யாராச்சும் சொல்லணும். நானும் ஒரு காலத்துல நல்லாத்தான் இருந்தேன்னு."

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சினிமா தியேட்டரில் முகேஷ் வந்தாரே, குட்கா போட்டு 2009-ல் 24 வயதில் செத்துப்போனவர், அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. சுனிதாவுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அவர்கள் நம்மிடம் பேசினார்கள். பார்க்கிறவனுக்கு "அய்யோ பாவம், நமக்கும் வந்துடுமோ?" என்று தோன்றுகிறது. பாக்கெட்டில் இருப்பதோ பெயர் இல்லாத முகம். அதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் தோன்றுகிறது. வித்தியாசம் இதுதான். பயம் நோயின் மேல் விழட்டும். நோயாளியின் மேல் விழ வேண்டாம்.

படம் இருக்கட்டும். கூடவே வழியும் பளிச்சென்று தெரியட்டும். புகையிலையை விட நினைப்பவர்களுக்கு ஒரு இலவச போன் நம்பர் இருக்கிறது: 1800-11-2356. 2018 செப்டம்பர் 1-ந்தேதி முதல் பாக்கெட்டிலேயே அச்சடிக்கிறார்கள். எத்தனை பேருக்குத் தெரியும்? கோரப்படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தால் யார் கண்ணில் படும்? பெட்டிக்கடைக்காரர்களே, கடைப் பலகையில் அந்த நம்பரை சாக்பீசால் எழுதி வையுங்கள். ஒரு பைசா செலவில்லை.

தாய்மார்களே, வாத்தியார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பையன் பாக்கெட் படத்தைப் பார்த்துக் கேட்டால் வாயைப் பொத்தாதீர்கள். "அது ஒரு நோய்டா. அந்த மாமா நல்லவர். அவருக்கு வணக்கம் சொல்லு" என்று சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த முறை அந்தப் பெரியவர் டீயை முழுசாகக் குடித்துவிட்டுப் போகட்டும்.